மேலே காய்ந்த மை

பேக்கரிக்காரர் முன்னால் அண்ணன் சொன்ன பதிலைக் காதில் வாங்கிக்கொண்டு கத்திரி ஸ்டிக்கர் கடையை விட்டு இறங்கிப் போனாள். போன வாரம் அங்கேதான் நிறுத்தினோம். இந்த வாரம்தான் வந்து உட்கார்ந்தவர்களுக்காக, நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

பேக்கரியின் கண்ணாடிக் கதவில் ஒட்டிய எழுத்துகள் ஒரே வாரத்தில் உதிர்ந்துவிட்டன. ஒட்டியவன் அண்ணன். கண்ணாடியில் யாரோ பூசியிருந்த பாலிஷைத் துடைக்காமல், அதன் மேலேயே ஒட்டிவிட்டான். ஸ்டிக்கரின் பசை கண்ணாடியைப் பிடிக்கவே இல்லை, பாலிஷைத்தான் பிடித்திருந்தது. பாலிஷ் போன வழியே எழுத்தும் போனது. ஆனால் பேக்கரிக்காரர் வந்து நின்று கேட்டபோது அண்ணன் சொன்னது இது: "வெட்டினதுல தப்பு சார். என் தங்கச்சி பார்த்த வேலை. இனிமே அவ கை வைக்க மாட்டா."

வெட்டுவதுதான் அவள் உயிர். சின்ன வயதில் காகிதம், திரைச்சீலை, ஒருமுறை அண்ணனின் பள்ளிக்கூடச் சட்டை என்று கையில் கிடைத்ததையெல்லாம் வெட்டியதால் வீட்டில் வைத்த பேர் கத்திரி. அதே பேரை இப்போது இரண்டு தெரு தள்ளி ஒரு வாடகை அறையின் வாசலில் சிவப்பு எழுத்தில் ஒட்டியிருக்கிறாள். உள்ளே மேஜை மேல் அடங்கிவிடுகிற ஒரு சின்ன கட்டிங் மெஷின். ஹெல்மெட்டுக்கும் தண்ணீர் பாட்டிலுக்கும் ஸ்டிக்கர் வெட்டிப் பிழைப்பு ஓடுகிறது.

அந்த அறைக்குள் ஒரு நாள் காலையில் அண்ணி நுழைந்தாள்.

"வாங்க அண்ணி. பைக்குக்கு நம்பர் ஒட்டணுமா?"

"உன் அண்ணன் நெத்தியில ஒட்டணும். கிளம்பு."

"அவர் சொல்லி அனுப்பினாரா?"

"அவர் வாய் அப்படிச் சொல்லுமா? காலைலேர்ந்து கடையில அந்த வெட்டுற மெஷினைச் சுத்திச் சுத்தி வர்றார். அதுக்கு உடம்பு சரியில்லைன்னு டாக்டரைக் கூப்பிடாதது ஒண்ணுதான் பாக்கி."

அண்ணி கையோடு ஒரு சுருளைக் கொண்டுவந்திருந்தாள். விரித்தாள். பழுப்பு நிறத்தில் ஒரு பெரிய ரொட்டி, அதைச் சுற்றிச் சிவப்பில் பேக்கரியின் பேர். அச்சு நன்றாகவே வந்திருந்தது. வெட்டுதான் ரொட்டியின் ஒரு பக்கத்தைக் கடித்துக்கொண்டு போயிருந்தது.

"பேக்கரிக்காரரோட வேன். மொத்தம் ஆறு. நாளைக்குக் காலைல புதுக் கிளை திறக்கிறார், ஆறும் வாசல்ல வரிசையா நிக்கணுமாம். நேத்து அடிச்சது பூராவும் குப்பைக்குப் போச்சு."

பேக்கரிக்காரர் என்ற சொல்லைக் கேட்டதும் கத்திரி எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டாள். பாசத்தில் எழுந்தாள் என்று அண்ணி நினைத்துக்கொண்டாள்.

கடையை விட்டு வந்த நாளிலிருந்து கத்திரியின் மனதில் ஓடிய படம் ஒன்றுதான். அதே கடை, அதே பேக்கரிக்காரர். தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்பது மட்டும் அண்ணன். அந்தப் படத்துக்குள் நடந்து போக இப்படி ஒரு வழி தானாகத் திறக்கும் என்று அவள் நினைக்கவில்லை.

கடை வாசலில் ஆறு வேன்களும் வெள்ளை வெளேரென்று நின்றன. அண்ணன் உள்ளே மெஷின் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். தங்கையைப் பார்க்கவில்லை. மனைவியைப் பார்த்துச் சொன்னான்:

"எதையும் கழட்ட வேணாம்னு அவகிட்ட சொல்லு."

"நான் இன்னும் தொடவே இல்லைன்னு அவர்கிட்ட சொல்லுங்க அண்ணி."

"ரெண்டு பேருக்கும் காது இருக்கில்ல? நான் என்ன டெலிபோனா?"

கத்திரி மெஷினைத் தொடவில்லைதான். குப்பைக் கூடைக்குப் போனாள். பழுதானதைப் பார்த்தால்தான் பழுது தெரியும்.

அச்சடித்த படத்தை மெஷின் எப்படி வெட்டுகிறது என்று இங்கே சொல்லிவிட வேண்டும். படத்தின் நாலு மூலையிலும் சின்னக் கறுப்பு அடையாளங்கள் அச்சாகியிருக்கும். மெஷினுக்கு ஒரு கண் உண்டு. அந்தக் கண் அடையாளங்களைத் தேடிப் பார்த்து, படம் இங்கே இருக்கிறது, இவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று புரிந்துகொள்ளும். பிறகுதான் கத்தி இறங்கும். எனவே வெட்டு விலகினால், எப்படி விலகியிருக்கிறது என்று பார்த்தாலே பாதி பதில் கிடைத்துவிடும். எல்லா இடத்திலும் ஒரே அளவு விலகியிருந்தால், கண்ணுக்கும் கத்திக்கும் நடுவிலுள்ள தூரம் மெஷினில் தவறாகப் பதிந்திருக்கிறது. ஒவ்வொரு தாளிலும் ஒவ்வொரு மாதிரி விலகினால், பளபளப்பில் கூசிப்போய்க் கண் அடையாளத்தைத் தவறாகப் படிக்கிறது. தொடக்கத்தில் சரியாக இருந்து போகப் போக விலகல் கூடிக்கொண்டே வந்தால், கண் மேலும் கத்தி மேலும் குற்றமில்லை. ஓடுகிற தாளே கோணலாக ஓடுகிறது.

கூடையிலிருந்த தாள்களைத் தரையில் வரிசையாக விரித்தாள். எல்லாவற்றிலும் தலைப்பக்கம் நூல் பிடித்த மாதிரி இருந்தது. வால்பக்கம் ரொட்டியில் கடி விழுந்திருந்தது.

"எந்தச் சக்கரத்தை மாத்தினீங்க அண்ணி?"

தாளை மேலிருந்து அழுத்திப் பிடித்து ஓட வைக்கிற ரப்பர் சக்கரங்களைக் கேட்டாள்.

"வலது பக்கம். வெடிச்சுப் போயிருந்தது."

"இடது பக்கம்?"

அண்ணன் சுவரைப் பார்த்துச் சொன்னான்: "அது நல்லாத்தான் இருக்குன்னு சொல்லு."

"நல்லா இருக்குதான். வழுக்கைத் தலை மாதிரி மழமழன்னு இருக்கு."

அண்ணனின் கை அவனையறியாமல் தலைக்குப் போய், பாதி வழியில் இறங்கிவிட்டது. அண்ணி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

வலதில் புது ரப்பர், நன்றாகப் பிடித்தது. இடதில் தேய்ந்த ரப்பர், வழுக்கியது. இரண்டு பேர் ஒரு மேஜையைத் தூக்கிக்கொண்டு போகும்போது ஒருவர் வேகமாகவும் ஒருவர் மெதுவாகவும் நடந்தால் மேஜை எப்படித் திரும்பும்? தாளும் அப்படித்தான் மெல்லத் திரும்பிக்கொண்டிருந்தது.

இன்னொரு புதுச் சக்கரம் வாங்கி வர நேரமில்லை. கத்திரி மெல்லிய உப்புத்தாளால் பழைய ரப்பரின் பளபளப்பை லேசாகத் தேய்த்து எடுத்தாள். ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் துடைத்தாள். கனமான ரோலிலிருந்து மெஷின் நேரடியாக இழுக்காதபடி, முன்கூட்டியே கொஞ்சம் உருட்டித் தளர்வாகத் தொங்கவிட்டாள். கடைசியாகக் கம்ப்யூட்டரில் நீளப் படத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனித்தனி அடையாளம் வைத்தாள். வழி நெடுக விசாரித்துக்கொண்டு போகிறவனால் அதிக தூரம் வழி தவற முடியாது.

வீணான தாளின் ஓரத்தில் சின்னதாக ஒரு சதுரம் வெட்டிப் பார்த்தாள். உரித்தாள். அடித்தாளில் நகம் பட்ட மாதிரி ஒரு கீறல் மட்டும் இருந்தது. கத்தியின் ஆழமும் சரி.

"அடிங்க அண்ணி. இனிமே கடிக்காது."

அண்ணன் குனிந்து அந்தச் சதுரத்தைப் பார்த்தான். மனைவியிடம், "டீ போடு. மூணு பேருக்கு," என்றான்.

இவ்வளவு தூரம் கத்திரி செய்தது எல்லாம் நேர்மையான வேலை. அதைச் சொல்லிவிட்டுத்தான் அடுத்ததைச் சொல்ல வேண்டும்.

மதியத்துக்குள் ஆறு வேனுக்கும் புதிதாக அச்சாகி வந்துவிட்டது. அறை முழுவதும் மை வாசனை. கத்திரி கடையை விட்டுப் போன பிறகு அச்சு வேலை அண்ணி கைக்கு வந்திருந்தது. ஆனால் இதுவரை வந்தவை எல்லாம் வண்ண ரோலிலிருந்து அப்படியே வெட்டுகிற ஒற்றைக் கலர் எழுத்துகள். படமாக அச்சடிக்கிற பெரிய வேலை அண்ணிக்கு இதுதான் முதல்.

"இதுக்கு மேல பிளாஸ்டிக் போட்டுரலாமா? காஞ்சிருச்சா?"

வெயிலும் மழையும் தின்னாமல் இருக்க அச்சின் மேல் ஒட்டுகிற கண்ணாடி போன்ற படலத்தைத்தான் அண்ணி கேட்டாள். லேமினேஷன்.

கத்திரி தலையைத் தூக்கிப் பார்த்தாள். சுவரோரம் அவள் கட்டிய நீளக் கம்பி இன்னும் இருந்தது. அந்தக் கம்பியில்தான் அச்சான தாள்களைத் தளர்வாகத் தொங்கவிட்டு, ஃபேனைப் போட்டு, ஒரு முழு நாள் ஆறவிடுவாள். "கொடி கட்டித் துணி காயப்போடுறா பாரு," என்று அண்ணன் கேலி செய்வான். இப்போது அதில் அவனுடைய சட்டை ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது.

ஆறவிடுவது எதற்கு? வெளியில் நிற்கிற போர்டுக்கு அடிக்கிற மை ஒரு காரமான திரவத்தில் கரைந்து வருகிறது. அந்தத் திரவம் வினைல் என்கிற ஸ்டிக்கர் தாளுக்குள் இறங்கினால்தான் நிறம் பிடிக்கும். பிரிண்டரின் சூட்டில் மேல் பக்கம் உடனே காய்ந்துவிடும். உள்ளே இறங்கியது மெதுவாக, மணிக்கணக்கில், வாசனையோடு ஆவியாகி வெளியே வரும். அது வந்து முடிவதற்குள் மேலே படலத்தை ஒட்டி மூடினால் ஆவிக்குப் போக்கிடம் கிடையாது. கீழே இறங்கிப் பசையைப் பிடித்துக்கொள்ளும். பசை மென்று துப்பிய பபுள்கம் மாதிரி இளகும். வினைல் சுருங்கும், ஓரங்கள் சுருண்டு எழும்பும். ஒட்டிய அன்று எதுவும் தெரியாது. வண்டி சில நாள் நல்ல வெயிலில் நின்றால் தெரியும்.

தெரியும்போது அச்சடித்தவரை யார் கேட்கப்போகிறார்கள்? ஸ்டிக்கர் உரிந்தால் ஒட்டினவன் சரியில்லை என்றுதான் ஊர் சொல்லும். அன்று அவன் செய்த தப்புக்கு அவள் பழி சுமந்தாள். இன்று அவள் செய்யப்போகிற தப்புக்கு அவன் சுமக்கட்டும்.

பொய் சொல்ல வேண்டிய அவசியம்கூட இருக்கவில்லை.

"தொட்டுப் பாருங்க அண்ணி. கையில ஒட்டுதா?"

அண்ணி ரொட்டியின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். "இல்லையே."

"அப்புறம் என்ன?"

முதல் வேனுக்கான தாள்கள் படலத்தோடு உருளைகளுக்கு நடுவில் பளபளவென்று வெளியே வந்தன. கத்திரியே நின்று வெட்டிக் கொடுத்தாள். ரொட்டியின் ஓரத்தில் ஒரு மயிரிழை விலகல்கூட இல்லை. இவ்வளவு அழகாக அவள் எதையும் வெட்டியதில்லை.

அண்ணனைப் பற்றியும் உள்ளதைச் சொல்ல வேண்டும். ஒட்டுவதில் அவனுக்கு ஈடில்லை. வேன் கதவின் பள்ளம் மேடெல்லாம் அவன் விரலுக்குத் தெரியும். அடித்தாளை ஒரேயடியாக உரிக்க மாட்டான். ஒரு விரற்கடை உரித்து, தேய்க்கிற பட்டையை நடுவிலிருந்து ஓரத்துக்கு இழுத்து, காற்றை வெளியே தள்ளிக்கொண்டே போவான். அவன் ஒட்டினால் கொப்புளம் எழாது.

கத்திரி வாசல்படியில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தாள். அவன் எவ்வளவு நேர்த்தியாக ஒட்டினானோ அவ்வளவு இனித்தது அவளுக்கு.

முதல் கதவில் மூலையைத் தூக்கியபோது அவன் ஒரு கணம் நின்றான். தும்மல் வருகிறதோ என்று அவள் நினைத்தாள். அண்ணியைக் கூப்பிட்டு ஏதோ மெதுவாகச் சொன்னான். அண்ணி உள்ளே போனாள். அவன் மறுபடி குனிந்து, முன்னைவிடவும் கவனமாக ஒட்ட ஆரம்பித்தான்.

வெயில் இறங்கும் நேரத்தில் பேக்கரிக்காரர் டிரைவரோடு வந்தார். வேனைச் சுற்றி நடந்தார். ரொட்டியை விரலால் தட்டிப் பார்த்தார்.

"எடுத்துக் கடிக்கலாம் போல இருக்கே. கை நல்லா தேறியிருக்கு உங்களுக்கு."

"என் கை இல்லை சார்." அண்ணன் சட்டைப் பையிலிருந்து சின்னச் சிவப்பு ஸ்டிக்கர் ஒன்றை எடுத்தான். வேனின் பின்கதவில், இந்த வேலை யாருடையது என்று கடைப் பேர் போடுகிற இடத்தில், வைத்துத் தேய்த்தான். கத்திரி என்று இருந்தது. "அச்சும் வெட்டும் பூராவும் என் தங்கச்சி. நான் தேய்ச்சுவிட்டேன், அவ்வளவுதான். அன்னைக்கு உங்க முன்னாடி ஒண்ணு சொன்னேன். இன்னைக்கு உங்க முன்னாடியே இதையும் சொல்லிடறேன்."

கத்திரி ஆசைப்பட்டது இதைத்தான், இதே இடத்தில், இதே மனிதர் முன்னால். அது வந்து சேர்ந்த நாளா இப்படி அமைய வேண்டும்? முகத்தைக் கழுவிக்கொள்ள உள்ளே ஓடினாள்.

உள்ளே ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. கம்பியில் சட்டையைக் காணவில்லை. மிச்ச ஐந்து வேனுக்கான தாள்களும் படலம் இல்லாமல், ஒன்றோடொன்று உரசாமல், தளர்வாகத் தொங்கின. அவள் தொங்கவிடுவதைப் போலவே.

"யார் அண்ணி இப்படிப் போட்டது?"

"அவர்தான் போடச் சொன்னார். படலம் வேணாம், தொங்கவிடு, ஃபேனைப் போடு, அவ பேரைச் சின்னதா ஒண்ணு வெட்டிக் கொடுன்னு."

"எப்போ?"

"முதல் கதவுல ஒட்ட ஆரம்பிச்சப்ப. ஏன், தப்பா?"

வெளியே வேன் கிளம்புகிற சத்தம் கேட்டது. கத்திரி வாசலுக்கு வருவதற்குள் பேக்கரிக்காரர் டிரைவரிடம் சொல்லி முடித்திருந்தார்: "கடைத்தெரு பூரா ஒரு சுத்து சுத்திட்டு வா. ஜனம் பார்க்கட்டும்." தெருமுனையில் வண்டி திரும்பியபோது பின்கதவில் சிவப்பாக அவள் பேர் தெரிந்தது.

அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டே பக்கத்தில் வந்தான். அன்று முதல்முறையாக அவளிடம் நேராகப் பேசினான்.

"மூக்கு எனக்கும் இருக்கு, கத்திரி."

"தெரிஞ்சேவா ஒட்டினே?"

"நீ தெரிஞ்சேதானே கொடுத்தே?"

"அது உரிஞ்சிரும்."

"உரியட்டும். பக்கத்துல உன் பேர் இருக்குல்ல, துணைக்கு."

பேக்கரிக்காரர் மற்ற வேன்களைக் காட்டிக் கேட்டார். "இந்த அஞ்சையும் எப்ப முடிப்பீங்க? காலைல வாசல்ல நிக்கணும்."

"அவளைக் கேளுங்க சார்," என்றான் அண்ணன் பணிவாக. "பொறுப்பு பூரா அவளுது."

சரி என்று சொன்னால் இன்னும் ஐந்து வண்டிகள் அவள் பேரோடு உரியும். முடியாது என்று சொன்னால், போன வண்டி மட்டும் எப்படி என்ற கேள்வி வரும். அண்ணன் ஒரு கொப்புளம்கூட விடாமல் ஒட்டியிருந்தான்.

கத்திரி அவனைப் பார்த்தாள். உதட்டோரத்தில் லேசான சிரிப்பு இருந்தது. அதைப் பார்த்தபோது ஒன்று புரிந்தது. தனியாக விழுந்தால்தான் அவமானம்.

"இன்னைக்கு ஒட்ட முடியாது சார். மேலே காஞ்சிருக்கு, உள்ளே காயலை. ஒரு நாள் தொங்கணும்."

"அப்ப போன வண்டி?"

"உரியும். நான் சொல்லியிருக்கணும், வேணும்னே சொல்லலை. வாசனை பிடிச்சுத் தெரிஞ்சுக்கிட்டும் அண்ணன் ஒட்டினான். ரெண்டு பேரையும் திட்டுங்க. ஆனா அவன்கிட்டேர்ந்து ஆரம்பிங்க. போன தடவை உங்க கண்ணாடியைத் துடைக்காம ஒட்டினதும் அவன்தான்."

அண்ணனின் சிரிப்பு அணைந்தது. பேக்கரிக்காரர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அண்ணன் தரையைப் பார்த்தான். கத்திரி இத்தனை நாள் மனதில் ஓட்டிய படம் அப்படியே கண் முன்னால் நின்றது. ஒரே ஒரு வித்தியாசம், பக்கத்தில் அவளும் நின்றாள்.

"உங்க குடும்பச் சண்டைக்கு என் வண்டிதான் கிடைச்சதா?" என்றார் பேக்கரிக்காரர்.

அண்ணி உள்ளேயிருந்து வந்தாள். நேராகக் கத்திரி முன்னால் வந்து நின்றாள்.

"காஞ்சிருச்சான்னு நான் உன்னை நம்பிக் கேட்டேன். தொட்டுப் பார்க்கச் சொன்னே."

"அண்ணி, நான்..."

"பேசாதே." கணவனிடம் திரும்பினாள். "நீங்க தொங்கவிடச் சொன்னீங்க. ஏன்னு ஒரு வார்த்தை சொல்லலை. உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நான் காலைல டெலிபோன். சாயங்காலம் முட்டாள்."

பிறகு பேக்கரிக்காரரிடம் சொன்னாள்: "சார், முதல்ல டிரைவருக்குப் போனைப் போட்டு வண்டியைத் திருப்பச் சொல்லுங்க. மிச்ச அஞ்சும் காலைல உங்க வாசல்ல நிக்கும். ரொட்டிப் படம் இருக்காது, எழுத்து இருக்கும். ஒத்தைக் கலர் எழுத்து எனக்கு வெட்டத் தெரியும். அதுல மை கிடையாது, காய வேண்டியதும் இல்லை. ரொட்டி ரெண்டு நாள் கழிச்சு வரும்."

"ஒட்டுறது யாரு?"

"அது என் பொறுப்பு சார்."

பேக்கரிக்காரர் போனைக் காதில் வைத்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது, டிரைவர் எடுக்கவில்லை.

அண்ணி உள்ளே போய்க் கண்ணாடிக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். அண்ணன் கதவைத் தட்டினான். "ஏய், சக்கரத்தைப் பார்த்துப் போடு." கத்திரியும் அவன் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, "அண்ணி, ரோலைத் தளர்த்திவிடுங்க," என்றாள். அண்ணி திரும்பவில்லை. ரோலைச் சரியாகவே தளர்த்தினாள்.

சிவப்பு ரோல் மெஷினுக்குள் போனது. முதலில் பெரிய எழுத்தை வெட்டுவாள் என்று இருவரும் எதிர்பார்த்தார்கள். அண்ணி ஏதோ சின்னதாக டைப் செய்தாள். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பேர் மட்டும் வெட்டாகி வெளியே வந்தது. பின்கதவில் கடைப் பேர் போடுகிற அளவு.

வெட்டி முடித்ததுமே வினைலைப் படித்துவிட முடியாது. சுற்றியிருக்கிற வேண்டாத பகுதியை உரித்து எடுக்கும் வரை எல்லாம் ஒரே சிவப்பு. அதில் கத்தி போன தடம் மட்டும் இருக்கும். அண்ணி அதை வெளிச்சத்துக்குப் பிடித்துச் சரிபார்த்தாள். உரிக்காமல் ஓரமாக வைத்துவிட்டு, அதே பேரை இன்னொரு முறை வெட்டினாள்.

கடையின் பழைய பேரா, கத்திரியா, அல்லது இதுவரை யாரும் கேட்டிராத மூன்றாவது ஒன்றா? அண்ணனும் தங்கையும் கண்ணாடியில் நெற்றி முட்ட நின்று பார்த்தார்கள். இருவராலும் படிக்க முடியவில்லை.